சாவி திருகுமுன் சற்றுச் சிந்திப்போம்

யாழ்ப்பாணத்து மோட்டார் வண்டிகளுக்குத் தனிப்பட்டதொரு வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அந்நாளில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய ஆங்கிலேய வண்டிகளே எம்மவர்க்குக் கைகொடுத்தன. சிறு போத்தலொன்றிற் பொன்போற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுறேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பர். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிச் செல்வர். புகை கண்ணைக் கரிக்கும். மணம் மூக்கைத் துளைக்கும். எனினும் நோயாளி வைத்தியசாலைக்குச் சென்று சேர்ந்தார், மணமகள் மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்று சேர்ந்தாள்.

அந்த வண்டிகளை ஓட்டியோர் அவற்றின் ஒவ்வோர் உறுப்பையும் தம் உடலுறுப்பைப் போல அறிந்திருந்தனர். முன்விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் விசை இடது காலருகே இருந்தது. வலம் இடம் திரும்புவதைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து சிறு கைகாட்டியொன்று வெளியே நீண்டது. பற்றறி ஓய்ந்தால் முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றினார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தாற் பெருவிரல் முறியுமாதலின், பெருவிரலை மற்றை விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்தே அதனைப் பிடிக்கவேண்டும் என்பதை மகனுக்குத் தந்தை சொல்லிக் கொடுத்தார். வண்டி கவனத்தைக் கேட்டது, சாரதி கொடுத்தான்.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்று ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்டபின், யப்பானிய வண்டிகள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. இவற்றிற் பல, பொத்தானை அழுத்தினால் ஓசையின்றி உயிர்பெறுவன; கியரைத் தாமே மாற்றுவன. வண்டி எம்மிடம் கேட்பது குறைந்துவிட்டது. எனவே நாம் கொடுப்பதும் குறைந்துவிட்டது. இங்கேதான் ஆபத்து நுழைகின்றது. ஆசனப்பட்டி, கண்ணாடி, விளக்கு, வைப்பர், ஹோண், கைப்பிறேக்கு, கதவு என்பன நாளும் நம் கைபடும் எளிய பொருள்கள். இவற்றை அறிந்து முறையாகக் கையாளுதலே நல்ல சாரத்தியத்தின் பெரும்பகுதி என்பதை, தீவகத்து வீதிகளைச் சான்றாகக் கொண்டு நோக்குவோம்.

தீவகத்திற்கு ஏன் இரட்டிப்புக் கவனம்?

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் மண்டைதீவுச் சந்தி. அப்பால் அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை. வேலணையிலிருந்து ஒரு வழி வடமேற்கே ஊர்காவற்றுறைக்கும், மற்றொரு வழி கடலினூடாகக் கட்டப்பட்ட பாலத்தால் புங்குடுதீவுக்கும் செல்கின்றது. புங்குடுதீவின் எல்லையிலுள்ள குறிகட்டுவான் துறையோடு வண்டிப் பாதை முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே கதி.

இவ்வீதிகளில் விபத்து நேர்ந்தால், கடுங்காயமுற்றவரைப் பெரும்பாலும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கே கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். ஆயினும் தூரம் தூரமே. நெடுந்தீவிலோ நிலைமை மேலும் கடிது. அங்கு வண்டிகள் சில. பவளக் கல்லால் அடுக்கிய மதில்களிடையே வீதிகள் ஒடுங்கியவை. மட்டக்குதிரைகள் எதிர்பாராமற் குறுக்கிடும். அங்கு காயமுற்ற ஒருவர் பெரிய வைத்தியசாலையை அடையக் கடலையே கடக்கவேண்டும். படகுப் பயணம் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காற்றும் அலையும் மிகுந்த நாளில் அதுவும் எளிதன்று. நகரத்திற் சிறு தவறாக முடிவது, தீவிலே உயிர்ச்சேதமாக முடியலாம்.

புறப்படுமுன் ஒரு நிமிடம்

வண்டியில் ஏறியவுடன் முதலிற் குனிந்து காலடியைப் பாருங்கள். கோயிலுக்குச் செல்வோர் செருப்பை வண்டிக்குள்ளே கழற்றிவிட்டு இறங்குவது எம்மிடையே வழக்கம். தீவுக்குச் செல்வோர் குடிநீர்ப் போத்தல்களை உடன் கொண்டுசெல்வதும் வழக்கம். செருப்போ போத்தலோ உருண்டு பிறேக்கு மிதியின் அடியிற் சிக்குமாயின், எத்துணை வலிமையாக அழுத்தினாலும் மிதி கீழிறங்காது. போத்தலுக்குப் பின்னாசனத்திலே பையொன்றும், செருப்புக்கு வண்டியின் பின்பெட்டியும் இடமாகட்டும்.

அடுத்தது ஆசனமும் கண்ணாடிகளும். பிறேக்கு மிதியை முற்றாக அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்குமாறு ஆசனத்தை நகர்த்தவேண்டும். கண்ணாடிகளைப் புறப்படுமுன்னரே திருத்திக்கொள்ளவேண்டும், ஓடும்போது திருத்தலாகாது. எவ்வளவு திருத்தினும் கண்ணாடிக்கு அகப்படாத மூலை ஒன்று இருக்கும். துவிச்சக்கரவண்டிகள் நிறைந்த நம் நாட்டில், அந்த மூலையிலே ஒரு பள்ளிப்பிள்ளை வந்துகொண்டிருக்கலாம். ஆதலால் திரும்புமுன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தல் இன்றியமையாதது.

ஆசனப்பட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தோளையும் இடையையும் ஒருங்கே அணைக்கும் இன்றைய பட்டியை 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் வொல்வோ நிறுவனத்துப் பொறியியலாளர் நில்ஸ் பொலின் உருவாக்கினார். அதற்குமுன் அவர் விமானிகளை ஆபத்து வேளையில் வெளியே வீசும் ஆசனங்களை அமைக்கும் பணியில் இருந்தவர். அந்நிறுவனம் காப்புரிமையைப் பெற்றும், ஏனைய நிறுவனங்களும் அதனைப் பயன்படுத்த இடமளித்தது. நம் நாட்டில் முன்னாசனத்தில் இருப்போர்க்கு இப்பட்டி 2011ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கப்பட்டது. பொலிசாரைக் கண்டதும் தோளில் இழுத்துவிட்டு, அப்பாற் சென்றதும் கழற்றிவிடுவோர் யாரை ஏமாற்றுகின்றனர்?

கணக்கொன்று பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதற்கு ஒப்பாகும். ஓங்கி வளர்ந்த பனையிற் பாதியளவு ஏறி, அங்கிருந்து கைவிடுதல் போன்றது அது. மடியிற் குழந்தையை வைத்து அணைத்திருக்கும் தாய், தன் கைகளே போதும் என நம்புகின்றாள். அவ்வேகத்தில் ஓடும் வண்டி பத்தில் ஒரு வினாடியில் நின்றுவிட்டால், 10 கிலோகிராம் நிறையுள்ள குழந்தை 140 கிலோகிராம் அளவான பாரமாக அவள் கையை விட்டு முன்னே பாயும். அதனைப் பற்றி நிறுத்தும் வலு எந்தத் தாய்க்கும் இல்லை. அன்பு குறைவென்பதன்று, இயற்கையின் விதி அது. குழந்தைகளுக்குரிய தனி ஆசனத்தைப் பின்னாசனத்திற் பொருத்துதலே தக்க வழி. பின்னால் இருக்கும் பெரியவர்களும் பட்டி அணியவேண்டும். அணியாதவர் முன்னே தூக்கியெறியப்பட்டு, முன்னாலிருப்பவருக்கும் ஊறு விளைப்பர்.

இங்கே பக்தியுடையோர்க்கு ஒரு விண்ணப்பம். புதிய வண்டி வாங்கியதும் முன்தட்டிலே பிள்ளையாரை எழுந்தருளச் செய்வது நம் மரபு. ஆனால், இக்கால வண்டிகளில் முன்தட்டின் உள்ளேயும் சுக்கான் வளையத்தின் நடுவேயும் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. மோதும் கணத்தில் அவை மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வெடித்து விரியும். அந்த மூடியின்மேல் ஒட்டிய சிலை, விக்கினம் தீர்க்கும் விநாயகராயினும், எறிகல்லாக மாறி முகத்தைத் தாக்கும். காற்றுப்பை இல்லாத ஓரிடத்திற் சிறு படமாக அவரை வைத்து வணங்குவோம். கண்ணாடியிலே தொங்கும் மாலைகளும் அவ்வாறே. பார்வையை மறைக்கும் அலங்காரம் அலங்காரமன்று. பின்னோக்கி இருத்தும் குழந்தை ஆசனத்தையும் காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் வைத்தலாகாது.

வண்டி பேசும் மொழி

சாரதி வாயாற் பேசமுடியாத இடத்தில் வண்டி பேசுகின்றது. சமிக்ஞை விளக்கும் ஹோணும் முன்விளக்கும் அதன் சொற்கள். சொல்லுக்கு நேரம் உண்டு. திரும்பியபின் சமிக்ஞை காட்டுவது, வழக்கு முடிந்தபின் சாட்சி சொல்வதை ஒக்கும்.

புலம்பெயர்ந்து வாழும் நம் உறவினர் விடுமுறையில் வந்து, வாடகை வண்டியைத் தாமே ஓட்டிச் செல்வதை இப்போது தீவகமெங்கும் காணலாம். கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வீதியின் வலப்பக்கத்தில் ஓட்டுவர். நாம் இடப்பக்கத்தில் ஓட்டுகின்றோம். இதனை யாவரும் அறிவர். அறியாத நுணுக்கம் ஒன்றுண்டு. அங்குள்ள வண்டிகளிற் சமிக்ஞைத் தண்டு சுக்கானின் இடப்புறத்தில் இருக்கும். இங்குள்ள யப்பானிய வண்டிகளில் அது வலப்புறத்தில் இருக்கும். எனவே வேலணைச் சந்தியிலே திரும்ப எண்ணிய விருந்தினர், பழக்கத்தால் இடக்கைத் தண்டைத் தட்டுகின்றார். வானம் வெளித்திருக்க வைப்பர்தான் ஆடுகின்றது, சமிக்ஞை காட்டப்படவில்லை. பின்னால் வரும் முச்சக்கரவண்டிச் சாரதி என்ன அறிவார்? புதிய வண்டியை எடுப்பவர், அது நின்றவாறிருக்கவே தண்டுகளையும் விசைகளையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கப் பத்து நிமிடம் செலவிடுதல் நன்று. இலங்கையில் ஓட்டுவதற்கான அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்ளவேண்டும்.

இரவிலே தீவக வீதிகளிற் பெரிய இடர் கட்டாக்காலி மாடுகள். பகல் வெயிலிற் காய்ந்த தார் இரவிலும் இளஞ்சூடாக இருப்பதால் அவை வீதியிலேயே படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு கறுத்த தாரிலே கண்ணுக்குப் புலப்படாது. எதிரே வண்டி இல்லாதபோது தொலைவொளியைப் பயன்படுத்துவதும், எதிரே ஒளி தென்பட்டவுடன் தாழ்த்துவதும் இன்றியமையாதன. எதிரே வருபவர் ஒளியைத் தாழ்த்தாவிடின், நாமும் பழிக்குப் பழியாகத் தொலைவொளியை வீசுதல் பேதைமை. இரு குருடர் எதிரெதிரே ஓடுவதுதான் அதன் பயன். வேகத்தைக் குறைத்து வீதியின் இடப்பக்க ஓரத்தை நோக்கி ஓட்டுக.

ஹோண், உறவினரை நலம் விசாரிப்பதற்கும் படலையிலே ஆளை அழைப்பதற்கும் உரியதன்று, எச்சரிப்பதற்கே உரியது. கோயிலைக் கடக்கும்போது ஹோண் அடித்து, இரு கையையும் சுக்கானிலிருந்து எடுத்துக் கும்பிடும் அன்பர்கள் உளர். மனத்தால் வணங்கினால் அம்பாள் ஏற்றுக்கொள்ளாள் என்பதில்லை. கும்பிட்டே ஆகவேண்டுமெனின், ஓரமாக நிறுத்திக் கும்பிடலாம். ஓசையற்ற கலப்பின வண்டிகளை ஓட்டுவோர்க்கோ வேறு பொறுப்பு. இவ்வண்டி வருவது முதியோரின் செவிக்கு எட்டாது. ஒழுங்கைகளில் மெல்லச் சென்று, வேண்டியவிடத்து ஹோணைச் சிறிதே தொட்டு அறிவித்தல் அங்கு நாகரிகமாகும்.

உப்புக் காற்றும் எதிர்வெயிலும்

காலையில் நகரத்துக்குத் தொழிலுக்குச் செல்லும் தீவகத்தார் கிழக்கு நோக்கிச் செல்கின்றனர், எதிரே உதயசூரியன். மாலையில் மேற்கு நோக்கி மீள்கின்றனர். எதிரே அத்தமன சூரியன். மரநிழலற்ற தாம்போதியில், இருபுறத்து நீர்ப்பரப்பும் அவ்வொளியைத் திருப்பி வீசும். அந்நேரத்தில் முன்கண்ணாடி அழுக்காயிருப்பின் வீதி முழுவதும் வெண்திரையாக மாறிவிடும். தீவகத்தில் அந்த அழுக்கு வெறும் தூசியன்று. சோளகக் காற்று வாரிவரும் உப்பு. உலர்ந்த உப்பின்மேல் வைப்பரை இயக்கினாற் கண்ணாடி கீறலுறும். பார்வை மேலும் மங்கும். முதலில் நன்னீர் தெளித்து, பின்னரே வைப்பரை இயக்கவேண்டும். தீவுகளில் நன்னீர் அருமையானது என்பது மெய்தான்; ஆயினும் கண்ணாடிக்கு ஒரு போத்தல் போதும். வைப்பருக்குக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கப் பெண்மணி மேரி அன்டர்சன், ஆண்டு 1903. அன்று அதனைப் பெரிதாக மதித்தவர் இல்லை. இன்று அதன் றப்பர் வெடித்துக் கிடந்தும் மாற்றாதவர் பலர்.

உப்பு கண்ணாடியோடு நின்றுவிடுவதில்லை. வண்டியின் அடியிலுள்ள பிறேக்குக் குழாய்களையும், கைப்பிறேக்கின் கம்பியையும் அது மெல்ல அரிக்கும். மாரிகாலத்திற் கடல்நீர் படிந்த வீதியிற் சென்றபின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல் வேண்டும். பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றுவிப்பது நலம். மிதியை அழுத்திப் பிடித்திருக்கையில் அது மெல்லக் கீழே இறங்குமாயின், எங்கோ கசிவு உண்டென்பது பொருள். அன்று அந்த வண்டி வீதிக்கு வரலாகாது. பழைய ஒஸ்ரினிலும் மொறிசிலும் ஒரே எண்ணெய்ச் சுற்றோட்டம். ஓரிடத்திற் கசிந்தால் மிதி முற்றாகத் தோற்கும். இக்கால வண்டிகளிற் சுற்றோட்டம் இரண்டு. ஒன்று தோற்பினும் மற்றது ஓரளவு தாங்கும். பழைய வண்டியைப் பெருமையோடு பேணுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கத்திற் காற்று வெண்மணலைத் தார்மேற் கொண்டுவந்து தூவும்போது ரயரின் பிடி தளரும். வேகத்தைப் பற்றிய கணக்கும் இங்கே நினைவிருக்கட்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வண்டி ஒரு வினாடிக்கு 14 மீற்றர் ஓடும். கண் கண்டு கால் மிதியை அடைவதற்குள்ளேயே அத்தூரம் கழிந்துவிடும். வேகம் 70 ஆக உயர்ந்தாற் பிறேக்கு அழுத்தியபின் ஓடும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகும். கைத்தொலைபேசியை ஒரு வினாடி நோக்குபவர், கண்ணை மூடிக்கொண்டு அந்த 14 மீற்றரைக் கடக்கின்றார்.

துறையிலும் பாதையிலும்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலை வண்டிகள் மிதவையிலேறிக் கடப்பதுண்டு. 'பாதை' என்பது ஊரார் அதற்கு வழங்கும் பெயர். வீதியில் நல்லதென்று சொன்ன சில, பாதையிலே தலைகீழாகும். ஏறுமுன் பயணிகளை இறக்கிவிட்டுச் சாரதி மட்டும் ஓட்டிச் செல்லவேண்டும். ஏறி நின்றதும் எஞ்சினை நிறுத்திக் கைப்பிறேக்கை இறுக்கி, கியரில் விடவேண்டும். அங்கே ஆசனப்பட்டியைக் கழற்றவேண்டும், கண்ணாடிகளை இறக்கவேண்டும். வண்டி தற்செயலாக நீரில் விழுந்தால் வெளியேறும் வழி திறந்திருக்கவேண்டும் அன்றோ? தாம்போதியிலிருந்து வண்டி நீரில் இறங்கினாலும் முறை இதுவே: முதலிற் பட்டி, அடுத்துக் கண்ணாடி, அடுத்துக் குழந்தைகள், பின்னரே பெரியவர்கள். தொலைபேசியைத் தேடிக் காலம் போக்குதல் ஆகாது.

குறிகட்டுவானிலோ, நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாக் காலத்தில் வண்டிகள் நெருங்கி நிற்கும். தானியங்கிக் கியரை நிறுத்த நிலையில் விட்டால் மட்டும் போதாது, கைப்பிறேக்கையும் இழுக்கவேண்டும். உப்பரித்த கம்பியை நம்பாது, சரிவான இடத்திற் சில்லுக்குக் கல்லொன்றை அண்டை கொடுக்கும் பழைய வழக்கம் இன்றும் நல்ல வழக்கமே. ஓசையற்ற கலப்பின வண்டியிலே, எஞ்சின் ஒலி இல்லாமையால் வண்டி நின்றுவிட்டதாக எண்ணி இறங்குவோர் உளர். முன்தட்டில் ஒளி அணைந்ததா எனப் பார்த்தே இறங்குக.

படகு வரும்வரை குழந்தை உறங்கட்டும் என்று, மூடிய வண்டிக்குள் விட்டுச் செல்லுதல் ஒருபோதும் ஆகாது. வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டியின் உள்வெப்பம் பத்து நிமிடத்துள் ஏறக்குறைய 10 பாகை உயரும். சிறு பிள்ளையின் உடல் பெரியவர் உடலினும் விரைந்து சூடேறும். கண்ணாடியைச் சற்றே திறந்து வைத்தல் போதிய காப்பன்று. சிகரெட் பற்றவைக்கும் லைற்றரையும் வாசனைத் தெளிப்பான் குப்பியையும் அவ்வெயிலில் வைத்துச் செல்லுதலும் தீது.

இறங்கும்போதும் ஒரு விதி உண்டு. வலப்புறத்தில் இருப்பவர் இடக்கையாலும், இடப்புறத்தில் இருப்பவர் வலக்கையாலும் கதவைத் திறப்பாராக. கை குறுக்கே நீளும்போது உடல் தானே திரும்பும். கண் தானே பின்னே நோக்கும். பின்னால் வரும் சைக்கிள்காரர் பிழைத்துக்கொள்வார். செலவில்லாத இச்சிறு பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இன்றே கற்பிக்கலாம்.

இழுப்போரும் நிறுத்துவோரும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேர்த்திருவிழாவிலே வடம் பிடிப்போர் பல நூறு பேர். அவர்களையே யாவரும் காண்கின்றனர். சில்லின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்போர் சிலரே. தேர் வீதியிற் பிழையாது திரும்புவதும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதும் அச்சிலரின் கைவன்மையால் அன்றோ?

மோட்டார் வண்டியிலும் இழுக்கும் வலிமையைப் பற்றியே நாம் பேசுகின்றோம். எத்தனை குதிரைவலு, எத்தனை வேகம் என்று விசாரிக்கின்றோம். பட்டி, பிறேக்கு, விளக்கு, கதவு என்பன குனிந்து நடக்கும் முட்டுக்கட்டைக்காரர் போன்றவை, கேட்பாரில்லை. அவற்றைச் சாரதி ஒருவரே கவனிக்கவேண்டும் என்பதுமில்லை. "எல்லாரும் பட்டி போட்டாச்சோ?" என்று பின்னாசனத்திலிருந்து ஆச்சி கேட்கலாம். காலடியிற் செருப்புக் கிடக்கின்றதா எனப் பேரன் பார்க்கலாம். அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு பண்ணையைக் கடக்குமுன், வாசலிலேயே அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள்.